பரண் மேல் இருக்கும் டிஸ்க் பெட்டியை மீட்பது எப்படி: விசிடி முதல் எச்டி டிவிடி, புளூரே வரை

கவுந்தப்பாடியில் பெரியப்பா வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க் கிடைத்தது. நாற்பதுக்கு மேல் இருக்கும். அக்கா கல்யாண விசிடி, காதுகுத்து டிவிடி, அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் கொண்டுவந்த படங்கள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. அடியில் ஒரு பிளேயரும் இருந்தது. 2008 மாசியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது அண்ணன் வாங்கி வந்த எச்டி டிவிடி பிளேயர் அது. டிவிடிக்கு அடுத்த தலைமுறையாக வந்து, புளூரேயோடு போட்டியிட்டுத் தோற்ற முறை எச்டி டிவிடி.

பெட்டியைப் பார்த்ததும் பெரியம்மா சொன்னது இதுதான்: "கண்ணு, இதுல ஏதோ ஒண்ணுல அப்பாரு பேசுறாரு. அதை மட்டும் பத்தரமா எடுத்துக் குடு."

அப்பாரு என்றால் எங்கள் பக்கம் தாத்தா. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பாதி நேரம் எந்த டிஸ்க் எந்த மெஷினில் ஓடும் என்று கண்டுபிடிப்பதிலேயே போனது. ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ கரூரிலோ உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். நான் செய்த வரிசையை அப்படியே எழுதுகிறேன். டிஸ்க் கெடும் முன்பே அதைப் படிக்கும் மெஷின் காணாமல் போய்விடுகிறது, அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதல் படி: எதையும் பிளேயரில் போடாமல் பிரியுங்கள்

பெட்டியை இறக்கியதும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத்தான் கை போகும். வேண்டாம். பல வருடத் தூசியோடு டிஸ்க் சுழன்றால் கீறல் விழும், பிளேயரின் லென்ஸும் அழுக்காகும். திருப்பூர்ப் பக்கம் என்றால் பஞ்சுத் தூசி வேறு சேர்ந்திருக்கும்.

ஒரு பெட்ஷீட்டை விரித்து டிஸ்க்குகளை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். வீடியோக்காரர் கொடுத்தது, கேமராவிலேயே பதிவானது, கம்ப்யூட்டரில் ரைட் செய்தது எல்லாம் ஒரு பக்கம். கடையில் வாங்கிய படங்கள் மறுபக்கம். கீழ்ப்பக்கத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தொழிற்சாலையில் அச்சடித்த சிடியும் டிவிடியும் பளிச்சென்று வெள்ளி நிறத்தில் இருக்கும். ரைட் செய்த டிவிடி ஊதா கலந்திருக்கும், ரைட் செய்த சிடி லேசான பச்சையாகவோ நீலமாகவோ தங்க நிறமாகவோ இருக்கும்.

அந்த நிறம் சாயத்தின் நிறம். அச்சடித்த டிஸ்க்கில் தகவல் பிளாஸ்டிக்கில் குழிகளாகவே பதிந்திருக்கிறது. ரைட் செய்ததில் லேசர் சாயத்தைச் சுட்டு அடையாளம் போட்டிருக்கிறது. வெயிலும் சூடும் பட்டால் சாயம் வெளுக்கும். தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் பங்குனி சித்திரைச் சூடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் சாகப்போவது கல்யாண டிஸ்க்தான், திரும்ப எங்கும் வாங்க முடியாததும் அதுதான். அதனால் முதல் குவியல்தான் முதல் வேலை.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எண் போட்டு, அது என்ன விசேஷம் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "இது இணைச்சீர் நடக்கறப்ப எடுத்தது" என்று சொல்லும் ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். டிஸ்க்கின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். சிடியில் தகவல் இருக்கும் அடுக்கு அந்த மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, பேனா முனை அழுத்தினாலே அடிபடும்.

இரண்டாம் படி: எது எது என்று அடையாளம் காணுங்கள்

எல்லாமே 12 சென்டிமீட்டர் தட்டு என்பதால் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலில் உறையைப் பாருங்கள். கருஞ்சிவப்புப் பெட்டி என்றால் எச்டி டிவிடி. நீலப் பெட்டி புளூரே. கறுப்பில் 4கே என்று போட்டிருந்தால் அல்ட்ரா எச்டி புளூரே, இது 2016-இல் வந்தது. ஆனால் டிவிடிக்கும் பெரும்பாலும் கறுப்புப் பெட்டிதான், அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் படியுங்கள்.

உறை தொலைந்திருந்தால் டிஸ்க்கின் மேல் உள்ள முத்திரையைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், ஆறாம் படியில் சொல்வதுபோலத் துடைத்தபின் கம்ப்யூட்டரில் போட்டு உள்ளே இருக்கும் ஃபோல்டரின் பெயரைப் பார்க்கலாம். 'எம்பெக்ஏவி' என்று இருந்து அதற்குள் டேட் கோப்புகள் இருந்தால் விசிடி. 'வீடியோ டிஎஸ்' இருந்து வாப் கோப்புகள் இருந்தால் டிவிடி. 'பிடிஎம்வி' என்றால் புளூரே. 'எச்விடிவிடி டிஎஸ்' என்று இருந்து ஈவோ கோப்புகள் தெரிந்தால் எச்டி டிவிடி. கடைசி இரண்டும் சாதாரண டிவிடி டிரைவில் தெரியாது, காலி டிஸ்க் போலவே காட்டும் அல்லது வெளியே துப்பிவிடும். அதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இதில் ஒரு குழப்பம் உண்டு, நானும் இரண்டு நாள் சுற்றினேன். கீழ்ப்பக்கம் ஊதா, மேலே டிவிடி என்று எழுதியிருக்கிறது, ஆனால் எந்த டிவிடி பிளேயரிலும் ஓடவில்லை. கம்ப்யூட்டரில் போட்டால் 'பிடிஎம்வி' ஃபோல்டர் இருக்கிறது. அது ஏவிசிஎச்டி. சோனியும் பானசோனிக்கும் 2006-இல் கொண்டுவந்த கேமரா முறை. எச்டி வீடியோவைச் சாதாரண டிவிடி தட்டில் பதிந்து கொடுத்திருப்பார்கள், புளூரே பிளேயர் அதைப் படிக்கும், டிவிடி பிளேயர் படிக்காது. கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற வீடியோ மென்பொருளைப் போட்டால் நன்றாகவே ஓடும்.

இன்னொன்று, 8 சென்டிமீட்டர் குட்டி டிஸ்க். கேமராவுக்குள் போட்டுப் பதிந்தது. கேமராவில் ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது பதிவை மூடி முடிக்காமல் விட்டிருந்தால் மற்ற மெஷின்களில் காலியாகவே தெரியும். பழைய கேமரா வீட்டில் இருந்தால் சார்ஜ் போட்டு அதிலேயே ஃபைனலைஸ் செய்யுங்கள். இல்லையென்றால் ஐசோபஸ்டர் மென்பொருளில் முயலலாம். தட்டு வெளியே வராமல் டிஸ்க்கை உள்ளே இழுத்துக்கொள்ளும் டிரைவில் மட்டும் குட்டி டிஸ்க்கைப் போட வேண்டாம், மாட்டிக்கொள்ளும்.

மூன்றாம் படி: ஏன் ஒன்றின் மெஷினில் மற்றொன்று ஓடாது

இதைப் புரிந்துகொண்டால் பிறகு வரும் முடிவுகள் சுலபமாகிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிடியைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். டிவிடிக்கு 650, சிவப்பு. புளூரேக்கும் எச்டி டிவிடிக்கும் 405, நீல ஊதா. அலைநீளம் குறைந்தால் இன்னும் சிறிய புள்ளியைப் படிக்கலாம், அதே தட்டில் நிறையத் தகவல் பதியலாம். சிடியில் 700 எம்பி, டிவிடியில் ஓர் அடுக்குக்கு 4.7 ஜிபி. எச்டி டிவிடியில் ஓர் அடுக்குக்கு 15, புளூரேயில் 25.

இரண்டுக்கும் ஒரே லேசர்தானே, பிறகு என்ன சண்டை? ஆழம்தான் சண்டை. நம் பக்கத்துக் கிணறு போல நினைத்துக்கொள்ளுங்கள். லேசர் டிஸ்க்கின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்ளே பார்க்கிறது. சிடியில் தகவல் 1.2 மி.மீ ஆழத்தில், கிட்டத்தட்ட அடிக்கிணற்றில் இருக்கிறது. டிவிடியில் 0.6 மி.மீ, பாதிக் கிணறு. எச்டி டிவிடியும் அதே 0.6-இல் நின்றது. புளூரேயில் வெறும் 0.1 மி.மீ, கையை விட்டால் தண்ணீர் தொடும் மேல்படி. மேலே இருப்பதால் லென்ஸை இன்னும் கூர்மையாகக் குவிக்க முடிந்தது, அதனால்தான் 25 ஜிபி கொண்டது.

புளூரேயை சோனி உட்பட ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து 2002 பிப்ரவரி 19 அன்று அறிவித்தன. டோஷிபாவும் என்இசியும் வேறு வழியில் போயின. 0.6-இலேயே நின்றால் பழைய டிவிடித் தொழிற்சாலைகளை அதிகம் மாற்றாமலே டிஸ்க் அச்சடிக்கலாம், செலவு குறையும் என்பது டோஷிபா தரப்பின் வாதம். இடம் அதிகம், வருங்காலத்துக்கு அதுதான் வேண்டும் என்பது சோனி தரப்பின் வாதம். 2005-இல் இரண்டையும் ஒன்றாக்கப் பேசிப் பார்த்தார்கள், முடியவில்லை. அன்று ஒத்துப்போயிருந்தால் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரே ஒரு பிளேயர் போதுமாக இருந்திருக்கும் என்று இன்றும் எனக்கு ஆதங்கம் உண்டு.

எச்டி டிவிடி 2006 ஏப்ரலில் அமெரிக்கக் கடைக்கு வந்தது, டோஷிபாவின் பிளேயர் 499 டாலர். ஜூனில் வந்த முதல் புளூரே பிளேயர், சாம்சங்குடையது, 999 டாலர். பாதி விலை என்றால் எச்டி டிவிடிதானே ஜெயித்திருக்க வேண்டும்? ஆனால் அந்த நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 வந்தது. விளையாட வாங்கியவர்கள் வீட்டிலெல்லாம் புளூரே பிளேயர் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் எச்டி டிவிடி பக்கம் நின்றாலும் அந்த டிரைவை எக்ஸ்பாக்ஸ் 360-க்குள் வைக்கவில்லை, தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்ட வேண்டியிருந்தது.

படக் கம்பெனிகளும் பிரிந்து நின்றன. டிஸ்னி, ஃபாக்ஸ் புளூரே பக்கம். யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம், 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் அங்கே போனது. இரண்டு பக்கமும் படம் கொடுத்துவந்த வார்னர் 2008 ஜனவரி 4 அன்று இனி புளூரே மட்டும் என்று சொன்னது. அதோடு தராசு சாய்ந்தது. டோஷிபா பிளேயர் விலையை வெட்டிப் பார்த்தது, 149.99 டாலருக்குக்கூட ஒரு மாடல் வந்தது. அண்ணன் வாங்கியது அப்போதுதான். பிப்ரவரி 19 அன்று, புளூரே அறிவிப்பு வந்து சரியாக ஆறு வருடத்தில், டோஷிபா கைவிட்டது. அண்ணன் பிளேயரைப் பெரியப்பா வீட்டில் வைத்துவிட்டு ஊர் திரும்பிய அதே மாதம்.

அதே நேரத்தில் நம் ஊரில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று வீடு வீடாகப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எச்டி டிவிடியை எங்கள் பக்கத்துக் கடை எதிலும் நான் பார்த்ததில்லை. வந்ததெல்லாம் சொந்தக்காரர்களின் பெட்டியில்தான். அதனால் உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால் அதற்கான மெஷினும் பெட்டியோடு வந்ததாகத்தான் இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

நான்காம் படி: கரண்டும் நாட்டு எண்ணும்

வெளிநாட்டு பிளேயரை பிளக்கில் செருகும் முன் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள். 100-240 வோல்ட் என்று இருந்தால் பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நேராகச் செருகக் கூடாது, நம் வீட்டுக்கு வருவது 230. நான் ஸ்டிக்கரைப் பார்க்காமல் செருகினேன். ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். பவர் போர்டை மட்டும் மாற்றி மெஷினைப் பிழைக்க வைத்தார் ஈரோட்டில் பழைய டிவி பழுதுபார்க்கும் ஒரு அண்ணன். "ஏனுங்க, ஒரு டிரான்ஸ்பார்மர் போட்டிருந்தா இந்தச் செலவே இல்லீங்களே" என்றார். 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் மின்சாதனக் கடைகளில் கிடைக்கும். பிளேயரில் போட்டிருக்கும் வாட்ஸைவிடத் தாராளமாகக் கூடுதலாக வாங்குங்கள்.

அடுத்தது நாட்டு எண், அதாவது எந்த நாட்டில் ஓட வேண்டும் என்று டிஸ்க்கிலும் பிளேயரிலும் வைத்திருக்கும் பூட்டு. டிவிடியில் அமெரிக்காவுக்கு 1, வளைகுடா, ஐரோப்பா, ஜப்பானுக்கு 2, சிங்கப்பூர் மலேசியாவுக்கு 3, இந்தியாவுக்கு 5. புளூரேயில் இது மாறுகிறது: அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா 'ஏ', ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா 'பி', இந்தியா 'சி'. எண் பொருந்தாவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் ஓடாது. 'ஆல்' என்று போட்டிருந்தால் கவலை இல்லை. எச்டி டிவிடியில் இந்தப் பூட்டே கிடையாது, 4கே புளூரேயிலும் இல்லை. கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் எண்ணை 5 முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும். வீட்டில் எடுத்த வீடியோக்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஐந்தாம் படி: என்ன வாங்க வேண்டும், என்ன வேண்டாம்

விசிடி, டிவிடி, ஏவிசிஎச்டி மூன்றுக்கும் யுஎஸ்பியில் மாட்டும் ஒரு டிவிடி ரைட்டர் போதும். பெரும்பாலான வீடுகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. விஎல்சி பிளேயர் இலவசம்.

புளூரே இருந்தால் பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்று நல்ல வழி, அது டிவிடியையும் ஓட்டும். புதிய பிளேயர் வாங்க நினைத்தால் ரொம்ப யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். ஓப்போ 2018-இல் நிறுத்திவிட்டது, சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தையை விட்டது, எல்ஜியும் 2024-இல் விலகியது. ஜெயித்த பக்கத்தின் மெஷினும் குறைந்துகொண்டுதான் வருகிறது.

எச்டி டிவிடிக்கு மூன்று வழிகள். பழைய டோஷிபா பிளேயர் ஒன்று. எக்ஸ்பாக்ஸ் 360-க்கான வெளி டிரைவ் இரண்டாவது, இதை யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரிலும் மாட்டலாம். மூன்றாவது, புளூரே, எச்டி டிவிடி இரண்டையும் படிக்க எல்ஜி செய்த ஜிஜிசி-எச்20எல் போன்ற டிரைவ்கள். எல்லாமே பழைய சாமான் சந்தையில்தான். கோவை உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளில் கேட்கும்போது எச்டி டிவிடி என்று சொன்னால் சாதாரண டிவிடியைத்தான் எடுத்து நீட்டுவார்கள், மெஷினின் போட்டோவைக் கையில் வைத்துக் காட்டிக் கேளுங்கள். நான்கைந்து படத்துக்காக இவ்வளவு அலைய வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். அந்தப் படங்கள் புளூரேயில் வந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்புறம் ஒன்று: சில எச்டி டிவிடிகளின் மறுபக்கம் சாதாரண டிவிடி. திருப்பிப் போட்டால் இருக்கிற பிளேயரிலேயே படம் ஓடும், எங்கள் பெட்டியில் இரண்டு அப்படி இருந்தன.

ஆறாம் படி: துடைப்பது

வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போட்டு, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும். கீறலுக்குப் பற்பசை தேய்க்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு, புளூரேயில் அதைச் செய்யவே கூடாது. தகவல் 0.1 மி.மீ ஆழத்தில் இருப்பதால் அதன் மேல் கடினமான பூச்சு ஒன்று கொடுத்திருக்கிறார்கள், தேய்த்தால் அதுவே போய்விடும்.

ஏழாம் படி: பிரதி எடுப்பது

கல்யாண டிவிடியில் வாப் கோப்புகளைத் தனித்தனியாக இழுக்காதீர்கள். டிஸ்க் முழுவதையும் ஒரே ஐசோ கோப்பாக எடுங்கள், மெனுவும் வரிசையும் அப்படியே வரும். 4.7 ஜிபி டிஸ்க் விண்டோஸில் 4.38 என்று காட்டும், குறைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், எண்ணும் முறைதான் வேறு. முப்பது டிவிடி என்றாலும் 141 ஜிபிதான், 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கில் இடம் மிச்சம் இருக்கும்.

பாதியில் நின்றால் உடனே கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொரு டிரைவின் கண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று விட்டதை இன்னொன்று படிக்கும். அப்பாரு பேசும் டிஸ்க்கை என் டிரைவ் 60 சதவீதத்தில் நிறுத்திவிட்டது, பக்கத்து வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் டிரைவ் முழுதும் படித்தது. லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் டிடிரெஸ்க்யூ போடச் சொல்லுங்கள். படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகும்.

விசிடிக்கு இந்த ஐசோ வழி சரிவராது. விசிடியின் வீடியோ பகுதியில் ஒவ்வொரு துண்டிலும் 2048 பைட்டுக்குப் பதில் 2324 பைட் பதிந்திருக்கிறார்கள், பிழை திருத்துவதற்கான இடத்தையும் வீடியோவுக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் சின்னக் கீறலுக்கே விசிடி கட்டம் கட்டமாக உடைகிறது. விசிடிக்கு ஐசோபஸ்டர் பயன்படுத்துங்கள், ஒன்றிரண்டு துண்டு போனாலும் மீதியை எடுத்துத் தரும்.

போனில் அனுப்ப எம்பி4 வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் போதும். டீஇன்டர்லேஸ் என்ற தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மாப்பிள்ளை கையை அசைக்கும் இடத்தில் சீப்புப் பல் போலக் கோடு விழும். மாற்றியபின் மூல ஐசோவை அழிக்க வேண்டாம்.

கடையில் வாங்கிய புளூரேயும் எச்டி டிவிடியும் பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஏஏசிஎஸ் பூட்டோடு வருபவை. அந்தப் பூட்டை உடைக்கும் வேலைக்குள் நான் போகவில்லை. படங்களைப் பாதுகாக்க வழி, ஓடும் பிளேயர் ஒன்றை நன்றாக வைத்திருப்பது.

எட்டாம் படி: வைக்கும் இடம்

டிஸ்க்கைப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்து அடுக்கினால் வளையும். திரும்பப் பரணுக்கு ஏற்ற வேண்டாம், வெயில் படாத அறையின் பீரோ போதும். பொள்ளாச்சிப் பக்கம் மழைக்கால ஈரம் அதிகம், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

ஹார்டு டிஸ்க் இரண்டு வேண்டும், இரண்டு ஊரில் வேண்டும். எங்களுடையது ஒன்று கவுந்தப்பாடியிலும் ஒன்று கோவையில் அக்கா வீட்டிலும் இருக்கிறது. பயன்படுத்தாமல் வருடக்கணக்கில் வைத்தால் ஹார்டு டிஸ்க்கும் நின்றுபோகும், வருடம் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்கு மெஷினையெல்லாம் துடைத்துப் பொட்டு வைக்கும் நாளிலேயே இதையும் சேர்த்துக்கொண்டோம். போன வருடம் பூஜை முடிந்ததும் டிவியில் மாட்டினோம். அருமைக்காரர் சீர் செய்துகொண்டிருக்க, பந்தல் ஓரமாக நின்று அப்பாரு யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிறார். பெரியம்மா ரிமோட்டை வாங்கி அந்த இடத்தை மட்டும் நான்கு முறை பார்த்தார்.